இரண்டு நிமிட டீசல்

ஜீப் ஊளையிட ஆரம்பித்துவிட்டது என்று டிரைவர் வந்து சொன்னபோது நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தென்னூர் ஆபீஸில் எனக்கு அன்று மாதக் கடைசி வேலை. "ஊளையிட்டா எண்ணெய் ஊத்துங்க" என்றேன்.

"எண்ணெய் ஊத்தி ஊத்தித்தாம்மா கொண்டாந்து சேத்திருக்கேன். காலையிலேருந்து ரெண்டு லிட்டர் குடிச்சிருச்சு. திருவெள்ளறை மேட்டுல ஏற மாட்டேன்னு நின்னுருச்சு. பின்னாடி பூரா நீலப் புகை" என்றார்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சட்டையெல்லாம் கரி. முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. முப்பது வருஷம் வண்டி ஓட்டிய மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அது எண்பதுகளின் பின்பாதி. கன்னியாஸ்திரீகள் சிலர் சேர்ந்து நடத்திய சின்ன கிராம வைத்திய நிலையத்தில் நான் கிளார்க். டைப்பிங், கணக்கு, கடிதம், டீசல் புத்தகம் எல்லாமே என் பொறுப்பு. ஸ்ரீரங்கத்தில் கோயில் குடும்பத்தில் பிறந்தவள் தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைத் தாண்டிப் போய்க் கன்னியாஸ்திரீகளிடம் வேலை பார்க்கிறாளே என்று எங்கள் வீதியில் பேசாதவர்கள் கிடையாது. முதல் தேதி பிறந்தால் சம்பளம் கைக்கு வந்துவிடும் என்பதால் அந்தப் பேச்சு எனக்குக் காதில் விழுவதில்லை.

வாரத்தில் ஐந்து நாள் மருந்துப் பெட்டிகளோடும் இரண்டு சிஸ்டர்களோடும் ஜீப் கொள்ளிடம் பாலம் தாண்டிப் போகும். மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை எல்லாம் கடந்து, பஸ் போகாத ஊர்களுக்கு. மழை பெய்தால் அந்தப் பக்கத்து மண் அல்வா மாதிரி ஆகிவிடும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி இல்லாவிட்டால் கதை கந்தல்தான். பழைய வண்டி அடிக்கடி சேற்றில் உட்கார்ந்துகொண்டதால், ஐரோப்பாவில் ஏதோ ஒரு சர்ச் ஜனங்கள் காசு சேர்த்து எங்களுக்குப் புது ஜீப் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். டீசல் வண்டி. அதோடு டர்போ என்று ஒரு சமாசாரம். வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றைத் திணித்துப் பலத்தைக் கூட்டுமாம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதன் விசில்தான். வண்டி வேகமெடுக்கும்போது மெல்லிசாக ஒரு விசில் எழும். கிராமத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டதுமே ஓடிவந்து மரத்தடியில் வரிசை கட்டிவிடுவார்கள் என்று சிஸ்டர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது என்னைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆபீஸில் எனக்கு 'மெயின் சுவிட்ச்' என்று பட்டப்பெயர். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து போனால், திரும்பி வருவதற்குள் அவர்கள் தலைக்கு மேலிருக்கும் ஃபேனை அணைத்துவிடுவேன். கார்பன் பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்தப் பக்கம் தெரிந்தால்தான் புதுசு எடுத்துக் கொடுப்பேன். "மெயின் சுவிட்ச் வருது" என்று சின்ன சிஸ்டர்கள் கிசுகிசுப்பார்கள். கேட்டும் கேட்காத மாதிரி போவேன். உள்ளுக்குள் எனக்கு அது பெருமைதான்.

ஜீப் வந்த புதிதில் டிரைவரிடம் ஒரு பழக்கத்தைக் கண்டுபிடித்தேன். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகும் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவர் நிதானமாக இறங்கி, கண்ணாடியைத் துடைத்து, பெட்டிகளை இறக்கிவிட்டு, அப்புறம்தான் போய்ச் சாவியைத் திருப்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் நிற்கிற வண்டி. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம் முப்பது ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே வந்தது. முப்பது ரூபாய்க்கு எத்தனை பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கலாம்.

டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். வண்டியை ஒப்படைக்க மெட்ராஸுக்கு வந்திருந்த வெள்ளைக்காரர் கைஜாடையில் ஏதோ காட்டினார், கொஞ்சம் ஓடவிட்டு அணைக்கணும் என்கிற மாதிரி இருந்தது என்று இழுத்தார். நானும் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது அன்று சாயங்காலமே எனக்கு மறந்துபோயிற்று.

மறுநாள் ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, 'வண்டி நின்றவுடன் இன்ஜினை அணைக்கவும். ஆபீஸ் உத்தரவு' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பின்பக்கம் பசையை அப்பி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், டிரைவர் கண்ணுக்கு நேராக ஒட்டினேன். பின்சீட்டில் பெட்டிகளோடு உட்காரும் சிஸ்டர்களுக்கு அது தெரியாது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ஏதோ வெளிநாட்டுப் பாஷை. யாருக்குப் புரியப் போகிறது? இடம் வழவழப்பாக இருந்ததால் அதன் மேலேயே அழுத்தி ஒட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து வண்டி நின்ற நொடியே இன்ஜினும் நின்றது. பதினாலு மாதம் அப்படி ஓடிற்று. மாதக் கணக்கில் 'டீசல் மிச்சம்' என்று தனியாக ஒரு வரி போட்டு மதரிடம் நீட்டுவேன். மதர்தான் எங்கள் எல்லாருக்கும் தலைமை. அதிகம் பேச மாட்டார். அந்த வரியைப் பார்த்துவிட்டு "நல்லது" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்னும் நாலு ஃபேனை அணைத்திருப்பேன்.

ஊளையிட்ட ஜீப்பைப் பாலக்கரையில் லாரி ரிப்பேர் பார்க்கும் ஒரு பாயிடம் மெல்ல உருட்டிக்கொண்டு போனோம். துபாயில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், இந்த மாதிரி வண்டியெல்லாம் அவருக்குத் தெரியும் என்றார்கள். நானும் கூடவே போனேன். நான் பக்கத்தில் நிற்காவிட்டால் பில் ஏறிவிடும் என்பது என் எண்ணம்.

பாய் மூடியைத் திறந்து, நத்தைக் கூடு மாதிரி சுருண்டிருந்த ஒரு இரும்புச் சாமானைக் கழற்றி எடுத்தார். அதன் நடுவில் விசிறி மாதிரி சின்னதாக ஒரு சக்கரம். ஒற்றை விரலால் அதை அசைத்தார். லொடலொடவென்று ஆடியது.

"இது இப்படி ஆடவே கூடாதும்மா" என்றார். "நெருப்புக்குப் பக்கத்துலயே சுத்துற சாமான் இது. இன்ஜின் ஓடுற வரைக்கும் எண்ணெய் வந்து குளுமை பண்ணிக்கிட்டே இருக்கும். ஓடி வந்த சூட்டோட டக்குனு அணைச்சா எண்ணெய் நின்னுரும், சூடு நிக்காது. உள்ள இருக்கிற எண்ணெய் அப்படியே கரியாப் போயிரும். இங்க பாருங்க."

நகத்தால் சுரண்டினார். கறுப்பாகப் பொருக்கு உதிர்ந்தது. பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "என்ன டிரைவரே, வந்து நின்ன உடனே சாவியத் திருப்பிருவீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் டிரைவர்.

அவ்வளவுதான் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஜீப்பின் கதவு திறந்துதான் கிடந்தது. பாய் தலையை உள்ளே நீட்டினால் போதும், கொட்டை எழுத்தில் ஆபீஸ் உத்தரவைப் படித்துவிடுவார். அவர் நீட்டவில்லை. "தப்பு டிரைவர் மேலதாம்மா. ரெண்டே நிமிஷம் பொறுத்திருந்தா இது இன்னும் எத்தனையோ வருஷம் ஓடியிருக்கும்" என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டதோ, "ரிப்பேர் பண்ண முடியாதா பாய்?" என்பதுதான்.

முடியாது, புதுசுதான் போடவேண்டும் என்றார். மெட்ராஸில் அந்த வண்டிக்கு உதிரி பாகம் தருவித்துக் கொடுக்கிறவர்களுக்குக் கடிதம் டைப் அடித்துப் போட்டேன். பதில் வர பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் சிஸ்டர்கள் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்கள். பஸ் போகாத ஊர்களுக்கு யாரும் போகவில்லை. தபால்காரர் மணியடித்தாலே நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

கவரை நான்தான் பிரித்தேன். நின்றுகொண்டே படித்தேன். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும், நாலு மாதம் ஆகலாம், விலையும் கூலியும் சுங்க வரியும் எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரத்துச் சொச்சம் என்று எழுதியிருந்தது. உட்கார்ந்துவிட்டேன். அப்போது என் சம்பளம் ஆயிரத்தைத் தொடவில்லை. பதினாலு மாதத்தில் நான் மிச்சம் பிடித்தது நானூறு ரூபாய் சொச்சம். அந்த இரண்டு சொச்சங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மதர் கடிதத்தைப் படித்துவிட்டு, "கமிட்டி கூடிப் பேசட்டும்" என்றார். நிலையத்தின் நிர்வாகத்தைப் பார்க்கிற கமிட்டி அது. அதில் பெரிய தலை, ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். மறுநாளே வந்து டிரைவரின் ஃபைலைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். "இது சுத்த அலட்சியம், மதர். இந்த ஆளை வச்சுக்கிட்டு புதுசு வாங்கிப் போட்டா அதுவும் இப்படித்தான் போகும். அனுப்பிடலாம். அவருக்குச் சேர வேண்டியதுல முடிஞ்சதைப் பிடிச்சுக்கலாம்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஒரு நோட்டீஸ் அடிச்சிடும்மா" என்றார்.

'உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது' என்று கேட்கிற நோட்டீஸ். அதை நான்தான் டைப் அடித்தேன், மூன்று காப்பி. ஒரு எழுத்துப் பிழை வரவில்லை. என் கையாலேயே டிரைவரிடம் கொடுத்தேன். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. லாரி ஓட்டி முதுகு போய், டாக்டர் இனி லாரி கூடாது என்று சொன்ன பிறகு எங்களிடம் வந்தவர். மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். இந்த வேலையும் போனால் அந்த வயதில், அந்த முதுகோடு யார் கூப்பிட்டு வண்டி கொடுப்பார்கள்? நோட்டீஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்கம்மா கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். விரலால் இடத்தைக் காட்டினேன்.

அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. பாயிடமிருந்து இழுத்துவந்து பின்பக்கக் கொட்டகையில் நிறுத்தியிருந்த ஜீப்பில் ஏறி, ஸ்டீல் ஸ்கேலால் அட்டையை நெம்பினேன். நான் போட்ட பசை, சும்மாவா வரும்? ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததும் மொத்தமாகக் கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால், அடியில் இருந்த வெளிநாட்டு ஸ்டிக்கரும் அட்டையின் முதுகில் ஒட்டிக்கொண்டு அப்படியே வந்திருந்தது.

முதல் தடவையாக அதைப் படித்தேன். மூன்று வரி. பெரும்பாலும் புரியாத சொற்கள்தான். ஆனால் டர்போ என்ற சொல் ஆங்கில எழுத்தில் பளிச்சென்று இருந்தது. கடைசி வரியில் இரண்டு என்ற எண்ணும், பக்கத்தில் நிமிடம் என்பதைச் சுருக்கி எழுதிய மூன்று எழுத்தும். இதைப் படிக்க எந்தப் பாஷை தெரிந்திருக்க வேண்டும்? டிரைவரின் கண்ணுக்கு நேராகத்தான் அவர்களும் ஒட்டியிருந்தார்கள். அதே இடத்தில் நானும் ஒட்டினேன். அட்டையைக் கைப்பையில் திணித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் அவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார். "அந்த பாய் சொன்னது நூத்துக்கு நூறு சரி" என்றார். பிறகு, "அந்த அட்டையை அடுப்புல போட்டுடு. நாளைக்கு அவர் ஒண்ணு சொல்லுவார், நீ ஒண்ணு சொல்லுவே. யார் பேச்சு எடுபடும்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். எனக்கோ, பெருமாளே, யாராவது வந்து இதைத் தானாகக் கண்டுபிடித்துவிடக் கூடாதா என்று இருந்தது. கண்டுபிடித்துவிடுவார்களோ என்றும் இருந்தது. காலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தபோது அட்டையை எடுத்தேன், போடவில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது எறிந்துவிடலாமா என்று பார்த்தேன். ஜன்னல் சீட் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, சத்தியமாகத் தெரியாது.

சனிக்கிழமை காலை கமிட்டி கூடியது. நடந்ததை எழுதிக்கொள்வது என் வேலை. டிரைவரை உள்ளே கூப்பிட்டார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"வண்டி நின்ன உடனே அணைச்சிருக்கீங்க. ஏன்?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"பழகிப்போச்சுங்க."

"அப்படி அணைக்கணும்னு யாராவது சொன்னாங்களா?"

டிரைவர் தரையைப் பார்த்தார். ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"இல்லீங்க" என்றார்.

'இல்லை' என்று நோட்டில் எழுதினேன். எழுதியதை நானே படித்தேன். என் கையெழுத்து, அட்டையில் இருந்த அதே கொட்டை எழுத்துச் சாயலில் இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன். "சார், அவரை ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். "நான் எழுதினது. வண்டியில ஒட்டினதும் நான்தான். நோட்டீஸ் அடிச்ச அன்னிக்கு யாருக்கும் தெரியாம பிய்ச்சு எடுத்ததும் நான்தான்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. யாருக்கு முன்னால் அழுகிறோம் என்ற வெட்கம்கூட இல்லை.

இன்ஜினியர் அட்டையைப் படித்தார். திருப்பினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தையும் படித்தார். மதர் பக்கம் நகர்த்தினார். மதர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மாசா மாசம் நீ கணக்கைக் கொண்டு வருவே. நான் நல்லதுன்னு சொல்லுவேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று புரியவில்லை.

டிரைவருக்குக் கொடுத்த நோட்டீஸை அன்றே ரத்து செய்தார்கள். எனக்கு இரண்டு வருஷம் இன்கிரிமென்ட் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தையும் நானே எழுதினேன். ஜீப் அனுப்பிய சர்ச்சுக்கு, நடந்ததை நடந்தபடி கடிதம் அடிக்கச் சொன்னார் மதர். முப்பத்தோராயிரத்துக்கு அப்போது வழியில்லை. பாய் டர்போவைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாயை நேராக இணைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். மேட்டில் முனகும், ஆனால் ஓடும் என்றார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது டிரைவர் மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தார். மனசுக்குள் அவர் மேல் பெரிய மரியாதையோடுதான் போனேன். என்னைக் காப்பாற்ற வேலையையே விடத் துணிந்த மனுஷன் என்று நினைத்திருந்தேன். "ஏங்க, அட்டை வச்சது நான்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்காகவா பேசாம இருந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"உங்களுக்காக இல்லம்மா" என்றார். "வண்டி வந்த புதுசுலயே உங்ககிட்ட சொன்னேன், ஓடவிட்டுத்தான் அணைக்கணும்னு. நீங்க என்ன சொன்னீங்க? டேங்கிலேருந்து டீசலை எடுத்து வித்துட்டு, ஓடவிட்டதுல எரிஞ்சு போச்சுன்னு கணக்கு காட்டலாம், அதுக்குத்தானேன்னு கேட்டீங்க. பக்கத்துல ரெண்டு சிஸ்டருங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது, எவன் நம்புவான்?"

கோபமாகச் சொல்லவில்லை. போகிற வழியைச் சொல்கிற மாதிரி சொன்னார். அந்த நொடி எனக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. சொன்ன வார்த்தை மட்டும் இல்லை, சொல்லும்போது நான் சிரித்ததும் ஞாபகம் வந்தது. சாயங்காலமே எனக்கு மறந்துபோன பேச்சை அவர் பதினாலு மாதமாக, வண்டி நின்ற ஒவ்வொரு இடத்திலும் நினைத்திருக்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஜீப் மறுபடி கிளம்பியது. விசில் இல்லை. பிள்ளைகளுக்கு வண்டி வந்ததே தெரியவில்லை, ஊருக்கு ஊர் ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது என்று சாயங்காலம் சிஸ்டர்கள் சொன்னார்கள். அவர்கள் இறங்கி உள்ளே போன பிறகும் வாசலில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டர்போவே இல்லாத வண்டிக்கு அது தேவையில்லை என்று பாய் எங்கள் இரண்டு பேரிடமும்தான் சொல்லியிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன். டிரைவர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அவராகப் போய்ச் சாவியைத் திருப்பும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.